குத்துக்குக் குத்து எவ்வளவு தூரம்? பயிர் இடைவெளியும் பூஞ்சாண நோயும்

மார்கழி மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு சம்பா வயலின் வரப்பில் நின்று பாருங்கள். வரப்பை ஒட்டிய முதல் இரண்டு வரிசைகளில் பனி காய்ந்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்தடி உள்ளே போய்க் குனிந்து, பயிரை இரு கைகளாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையைத் தொட்டால் விரல் நனையும். அடர்ந்த வயல் என்றால் பத்தரை மணிக்கு வந்து தொட்டாலும் நனையும். முகத்தில் புழுங்கிய காற்று வந்து மோதும். ஒரே வயல், ஒரே ரகம், ஒரே நாளில் நட்ட பயிர், ஒரே உரம். ஆனாலும் ஓரத்துப் பயிர் ஒரு தட்பவெப்பத்தில் வாழ்கிறது, நடுவயல் பயிர் இன்னொன்றில் வாழ்கிறது.

வானொலியும் கைப்பேசியும் சொல்லும் வானிலை பூஞ்சாணத்துக்குப் பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது இலைக்கும் இலைக்கும் நடுவில் இருக்கும் வானிலை. அந்த வானிலையைப் பெருமளவு முடிவு செய்கிறவர், நடவன்று ஒரு குத்துக்கும் (ஓரிடத்தில் சேர்த்து நடும் நாற்றுகள்) அடுத்த குத்துக்கும் எத்தனை செ.மீ. விடுவது என்று முடிவு செய்கிறவர்தான். மழையை நம்மால் தள்ளிப்போட முடியாது. பனியை நிறுத்த முடியாது. ஆனால் இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கும் என்பதில் நமக்கும் ஒரு கை உண்டு.

அந்த மணிக்கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நெல்லின் குலை நோயைப் பார்ப்போம். பைரிகுலேரியா ஒரைசே என்ற பூஞ்சாணத்தின் வேலை இது. இலையில் இரு முனையும் கூர்ந்த, கண் வடிவப் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. ஒரு புள்ளியிலிருந்து ஓர் இரவில் ஆயிரக்கணக்கான வித்துகள் கிளம்பும். பெரும்பாலும் பின்னிரவில், காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது கிளம்பும். பக்கத்து இலையில் விழுந்த வித்து, இலை மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் முளைக்கும். முளைத்து, நுனியில் ஒரு கரிய குமிழை உண்டாக்கி, அதற்குள் அழுத்தத்தைத் திரட்டி, இலையின் தோலை ஊசி போல் குத்தித் துளைக்கிறது. அந்த அழுத்தம் 80 வளிமண்டலத்தை எட்டும் என்று ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். காரின் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு. கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர் இவ்வளவு செய்கிறது!

இந்த வேலை முடிய ஏறத்தாழ பத்து மணி நேரம் ஈரம் தொடர வேண்டும். வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் வேலை விரைவாக நடக்கும், குளிர்ந்தால் நேரம் கூடும். நடுவில் இலை காய்ந்துவிட்டால் முளைத்த வித்துகளில் பெரும்பகுதி அங்கேயே மாண்டுபோகும். இரவு பத்தரை மணிக்குப் பனி இறங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு இலை காய்ந்தால் ஒன்பதரை மணி நேரம். பத்தரைக்குக் காய்ந்தால் பன்னிரண்டு மணி நேரம். முதல் கணக்கில் பூஞ்சாணம் வாசல் வரை வந்து திரும்பிவிடுகிறது. இரண்டாவதில் உள்ளே புகுந்துவிடுகிறது. பூஞ்சாணக் கொல்லியின் விலையைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, இந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே எனக்குள்ள ஆதங்கம்.

நெருக்கம் எப்படி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது? காற்று உள்ளே நுழைவதில்லை, வெயில் அடித்தூருக்கு இறங்குவதில்லை, நீரிலிருந்தும் இலைகளிலிருந்தும் எழும் ஆவி வெளியேற வழியில்லாமல் பயிருக்குள்ளேயே தங்குகிறது. நெருக்கி உலர்த்திய துணிக்கும், இடம் விட்டு உலர்த்திய துணிக்கும் உள்ள வித்தியாசம்தான். நம் வீட்டுக் கொடியில் தெரிந்த நியாயம் வயலில் மட்டும் மறந்துபோகிறது.

எண்ணிக்கையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் குறுகிய கால நெல்லுக்கு 15க்கு 10 செ.மீ. (வரிசைக்கு வரிசை 15, குத்துக்குக் குத்து 10), மத்திய கால ரகத்துக்கு 20க்கு 10, நீண்ட கால ரகத்துக்கு 20க்கு 15 என்பது வேளாண்மைத் துறை நெடுங்காலமாகச் சொல்லி வரும் இடைவெளி. முறையே சதுர மீட்டருக்கு 66, 50, 33 குத்துகள். திருந்திய நெல் சாகுபடியில் 25க்கு 25 செ.மீ., அதாவது 16 குத்துகள்தான். ஏக்கர் கணக்கில் சொன்னால் முதல் முறையில் 2,67,000 குத்துகள், கடைசி முறையில் ஏறக்குறைய 65,000. மடகாஸ்கரில் பாதிரியார் ஆன்ரி தெ லோலானியே 1980களில் உருவாக்கிய அந்த முறை தமிழ்நாட்டுக்கு வந்தபோது, வரப்பில் நின்ற பெரியவர்கள் வயலைப் பார்த்துத் திகைத்ததில் வியப்பில்லை. நட்ட பதினைந்து நாள் வரை அது காலி வயல் போலவே தெரியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அகலமாக நட்ட குத்து முப்பதுக்கும் மேல் தூர் வெடிக்கிறதே (பக்கத் தண்டுகள் விடுகிறதே), கடைசியில் அதுவும் இலையோடு இலை சேர்ந்து மூடிக்கொள்ளத்தானே போகிறது? மூடிக்கொள்ளத்தான் போகிறது. ஆனால் எப்போது என்பதுதான் விஷயம். நெருக்கி நட்ட வயல் தூர் வெடிக்கும் பருவத்திலேயே மூடிவிடும். அகலமாக நட்டது அதற்குப் பல நாள் கழித்தே மூடும். சாதகமான பருவத்தில் குலை நோய் ஒரு சுற்றை முடித்து அடுத்த தலைமுறை வித்துகளை வெளியிட ஏறத்தாழ ஒரு வாரம் போதும். நோய் வட்டிக்கு வட்டியாகப் பெருகுவது. இரண்டு வாரம் தாமதமாகத் தொடங்கிய நோய் இரண்டு சுற்று பின்தங்கிய நோய். கதிர் முற்றுவதற்குள் அது சேதப்படுத்தும் அளவுக்கு வளராமலே போகலாம். ஆகவே எத்தனை குத்து என்பதைவிட, பயிர் எந்த நாளில் மூடுகிறது என்பதையே நான் கவனிக்கச் சொல்வேன்.

குலை நோய் பறந்து வருகிற நோய். இலையுறை கருகல் ஊர்ந்து வருகிற நோய். இடைவெளி என்று வரும்போது இந்த இரண்டாவதுதான் மிகவும் கற்றுத்தருவது.

இதைச் செய்வது ரைசாக்டோனியா சொலானி. நெல்லில் இது பரவக் காற்றில் பறக்கும் வித்து பெரிதாகத் தேவையில்லை. கடுகளவு, பழுப்பு நிறக் கட்டிகளாக மண்ணிலும் தாளிலும் தங்கியிருக்கும். சேறு அடித்துத் தண்ணீர் கட்டியதும் இந்தக் கட்டிகள் மிதந்து எழும். காற்று எந்த மூலைக்குத் தள்ளுகிறதோ, அந்த மூலையில் நுரையோடும் சருகோடும் ஒதுங்கும். தூரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய இலையுறையில் முதல் புண்ணை உண்டாக்கும். முட்டை வடிவில், பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் தொடங்கி, நடு வெளுத்து ஓரம் பழுப்பேறும். புண்கள் ஒன்றோடொன்று சேரும்போது பாம்பின் தோல் போல் இருக்கும். ஆந்திர உழவர்கள் இதைப் ‘பாமு பொட’ என்றே சொல்கிறார்கள். பார்த்த கண்ணுக்குத் தோன்றிய பெயர்.

அதற்குப் பிறகு அது இரண்டு திசையில் நகர்கிறது. ஒன்று மேலே, இலையுறையிலிருந்து இலையுறைக்கு ஏறி, கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை வரை. இன்னொன்று பக்கவாட்டில், ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு, ஒரு குத்திலிருந்து அடுத்த குத்துக்கு. காலை ஈரத்தில் பயிரை விலக்கிப் பார்த்தால், ஒரு குத்தின் இலை அடுத்த குத்தைத் தொடும் இடத்தில் சிலந்தி நூலைவிட மெல்லிய வெண்ணிற இழைகள் ஓடுவதைக் காணலாம். அதுதான் பூஞ்சாணம் கடக்கும் பாலம். இலை இலையைத் தொட்டால் பாலம் போட்டாயிற்று. 10 செ.மீ. இடைவெளியில் தூர் வெடித்த சில நாட்களில் எல்லாக் குத்துகளும் ஒன்றையொன்று தொட்டுவிடும். 25 செ.மீ. இடைவெளியில் அந்தத் தொடுதல் தள்ளிப்போகிறது, தொடும் இடங்களும் குறைகின்றன. இந்த நோய்க்கு இடைவெளி ஈரத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை, பாதையையே துண்டிக்கிறது.

ஒரு நேர்மையான குறிப்பும் வேண்டும். இலையுறை கருகல் சில வயல்களில் வரப்போரத்திலேயே முதலில் தெரியும். வரப்பில் மண்டிய புற்களும் அதே பூஞ்சாணத்துக்கு வீடு கொடுப்பதும், மிதந்த கட்டிகள் ஓரத்தில் ஒதுங்குவதும்தான் அதற்குக் காரணம். ஓரம் காற்றோட்டமாக இருக்கிறது என்பதற்காக வரப்பைச் செதுக்காமல் விட்டுவிட முடியாது.

பஞ்சாபின் குர்தாஸ்பூரில் 1963இல் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான இந்த நோய், அதன் பிறகான ஆண்டுகளில் சாதாரண நோயிலிருந்து பெரிய நோயாக வளர்ந்தது தற்செயல் இல்லை. ஐஆர் 8 வெளியானது 1966இல். குட்டை ரகங்கள், தழைச்சத்துக்கு உடனே பதில் சொல்லும் ரகங்கள், மிகுதியாகத் தூர் வெடிக்கும் ரகங்கள் வந்தன. பசியைத் தீர்த்த ரகங்கள் அவை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பழைய உயரமான ரகங்களின் அடித்தூரில் இருந்த காற்றோட்டம் குட்டையும் அடர்த்தியுமான பயிரில் போயிற்று. பழைய உயரப் பயிருக்கு ஏற்ற நெருக்கத்தையும், புதிய பயிருக்கு ஏற்ற யூரியாவையும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. இந்த நோயை முழுமையாக எதிர்த்து நிற்கும் நெல் ரகம் இன்றுவரை கிடைக்கவில்லை. எனவே பயிர் வைக்கும் முறைக்கு இங்கே மதிப்பு கூடுதல்.

குலை நோயின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவில் அது பேரழிவாகத் தலைகாட்டிய முதல் இடம் தஞ்சை டெல்டாதான், ஆண்டு 1919. யூரியா வருவதற்கு வெகு முன்பு. ஆகவே எல்லாப் பழியையும் இரசாயன உரத்தின் மேல் போட முடியாது. பனியும், நோய்க்கு இடம்கொடுக்கும் ரகமும் கூடினால் எந்தக் காலத்திலும் அது வரும். இன்றும் ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி 5204 போட்ட வயலில் கார்த்திகை, மார்கழியில் உழவருக்குத் தூக்கம் கிடையாது. சாப்பாட்டுக்கு நல்ல அரிசி, சந்தையில் நல்ல விலை, குலை நோய்க்கோ எளிதில் இரை. இப்படிப்பட்ட ரகத்தைத் தேர்ந்தவர் இடைவெளியிலும் சிக்கனம் பார்த்தால் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்த கணக்குத்தான்.

தழைச்சத்தை இடைவெளியிலிருந்து பிரித்துப் பேசவே முடியாது. யூரியா கூடினால் இலை அகலும், மெலிந்து தொங்கும், தூர் கூடும், பயிர் சீக்கிரம் மூடும். 20 செ.மீ. வரிசையில் நட்டுவிட்டு இரண்டு மூட்டை கூடுதலாகப் போட்டால், 15 செ.மீ. வரிசையில் நட்டதற்கும் அதற்கும் அடித்தூரில் வித்தியாசம் தெரியாது. இலையின் சதையும் மென்மையாகிப் பூஞ்சாணம் துளைக்க எளிதாகிறது. இடைவெளியால் சம்பாதித்ததை மூட்டை தின்றுவிடும்.

இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரியாததா? ‘நண்டு ஓட நெல், நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை’ என்று இடைவெளியை அளவுகோல் இல்லாமலே அளந்து வைத்தார்கள். நண்டு என்பது வயல் நண்டு, கால்களைப் பரப்பினால் ஒரு சாண் அகலம் வரும். இன்னொரு பழமொழி இன்னும் கூர்மையானது: ‘கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்.’ கலக்க என்றால் கலைந்து, இடம் விட்டு. போர் என்பது வைக்கோல் போர். நெருக்கி விதைத்தவனுக்கு வைக்கோல்தான் மிச்சம். நோயின் பெயரைச் சொல்லவில்லை, விளைவைச் சொல்லிவிட்டார்கள்.

நெருக்கத்தை உடைக்க வயல் முழுவதும் அகலமாக நட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத காலி இடம், விடுவது நம் பக்கத்தில் புகையான் பூச்சிக்காகச் சொல்லப்பட்ட முறை. ஆந்திராவில் இரண்டு மீட்டருக்கு 20 செ.மீ. வீதம் கிழக்கு மேற்காகக் காலி நடைபாதை விடச் சொல்கிறார்கள். பூச்சிக்காக வந்த இந்தப் பட்டம் பூஞ்சாணத்துக்கும் வேலை செய்கிறது. காற்று உள்ளே வர ஒரு தெரு கிடைக்கிறது. ஊர்ந்து வரும் இலையுறை கருகலுக்கு நடுவில் ஓர் அகழி. மருந்து அடிக்கிறவர் அந்தத் தெருவில் நடந்து, தெளிப்பானின் முனையை அடித்தூருக்குத் திருப்ப முடிகிறது. இலையுறை கருகலுக்கு மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. மூடிய பயிரின் மேல் அடித்த மருந்தில் பெரும்பகுதி மேல் இலைகளிலேயே தங்கிவிடும். பட்டத்தால் இடம் வீணாகிறதே என்று கேட்பார்கள். பட்டத்தின் இரு கரையிலும் நிற்கும் குத்துகளைப் பாருங்கள், வரப்போரக் குத்துகளைப் போலவே தூர் கூடுதலாக வெடித்துக் கதிர் நீண்டிருக்கும். விட்ட இடத்தில் பெரும்பகுதியை அவையே ஈடு செய்துவிடும்.

ஆனால் ‘அகலம் நல்லது, நெருக்கம் கெட்டது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனால் அது தவறான பாடம். நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். 30க்கு 10 செ.மீ. என்பது வழக்கமான இடைவெளி. டிக்கா எனப்படும் இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் இலை ஈரம் வேண்டும். கொடி மூடிய பிறகு அவை வேகமெடுக்கும். ஆகவே நெருக்கம் இங்கேயும் அவற்றுக்குச் சாதகம். அதே கடலையில் இலைப்பேன் பரப்பும் மொட்டுக்கருகல் என்ற நச்சுயிரி நோய்க்கு, 15க்கு 15 செ.மீ. என்று நெருக்கி விதைக்கச் சொல்கிறார்கள். நிலம் சீக்கிரம் மூடினால் பறந்து வரும் பூச்சி இறங்குவது குறைகிறது, சில செடிகள் நோயில் போனாலும் எண்ணிக்கை மிஞ்சுகிறது. ஒரே பயிருக்கு எதிரெதிரான இரண்டு அறிவுரை. இரண்டும் சரி. எந்த ஊரில், எந்தப் பருவத்தில் எந்த நோய் வழக்கமாக வருகிறது என்று தெரிந்தவர்தான் தேர்ந்துகொள்ள முடியும்.

சோளத்தில் வரும் கரித்தண்டு அழுகல் வேறு மாதிரி. அதைச் செய்யும் பூஞ்சாணத்துக்கு இலை ஈரம் தேவையில்லை, அது வறட்சியில் வாடிய செடியையே தேடிப் பிடிக்கும். மானாவாரியில் நெருக்கி விதைத்தால் மண்ணில் உள்ள கொஞ்சம் ஈரத்துக்குச் செடிகள் அடித்துக்கொண்டு வாடும், தண்டு கருகிச் சாயும். இங்கேயும் நெருக்கமே குற்றவாளி, ஆனால் குற்றம் ஈரம் மிகுந்ததால் இல்லை, ஈரம் போதாததால். தொலைவிலிருந்து காற்றில் மேகம் போல் வந்து இறங்கும் துரு நோய்களுக்கோ வயலுக்குள் விடும் சில செ.மீ. பெரிய தடையே ஆகாது. ஒரு வாரம் அடைமழை பிடித்துக்கொண்டால் அகல நடவிலும் இலை காயாது. அப்போது இடைவெளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாற்றங்காலை மறந்துவிடக் கூடாது. மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகள் திட்டுத் திட்டாக மடிந்து விழும் நாற்றழுகலில் நெருக்கத்தின் பங்கை ஆஸ்திரேலியாவின் பர்டன், சில்வர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975இல் அழகாகக் காட்டினார்கள். ஒரு கீரை வகையின் நாற்றுகளை வெவ்வேறு நெருக்கத்தில் விதைத்து, ஓரத்தில் நோயைத் தொடங்கிவைத்து, அது முன்னேறும் வேகத்தை அளந்தார்கள். நாற்றுகள் நெருங்க நெருங்க நோய் முன்னேறும் வேகமும் கூடியது. விதை விலை குறைவு என்பதால் பாத்தியில் அள்ளிக் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. முளைத்தது பாதி செத்தாலும் மீதி போதும் என்ற எண்ணம். பாதி செத்ததற்குக் காரணமே அந்தக் கொட்டல்தான் என்று யோசிப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வயலில் நெருக்கம் ஏன் குறைவதில்லை? உழவர் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது, நியாயம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல், முப்பத்தைந்து, நாற்பது நாள் முற்றிய நாற்றை நட வேண்டி வருகிறது. முற்றிய நாற்று தூர் வெடிக்காது, எனவே குத்துக்கு ஆறேழு நாற்றாக நெருக்கித்தான் நட வேண்டும். கடைமடையில் நேரடி விதைப்பு செய்கிறவர், மழை அடித்துக்கொண்டு போனாலும் மிஞ்ச வேண்டும் என்று விதையைக் கூட்டுகிறார். மிஞ்சிவிட்டால் வயல் புல்தரை மாதிரி நிற்கும். உருளை விதைப்பான் 20 செ.மீ. வரிசையில் விதைக்கும், நடவு இயந்திரங்கள் பல 30 செ.மீ. வரிசையில் நடும். இவை வந்த இடங்களில், யாரும் உபதேசம் செய்யாமலே காற்றுக்கு வழி கிடைத்திருக்கிறது.

கை நடவில் கதை வேறு. கயிறு பிடித்து வரிசையாக நட நேரம் கூடும். ஏக்கருக்கு இவ்வளவு என்று கொத்தாகக் கூலி பேசியிருந்தால், அந்தக் கூடுதல் நேரம் குனிந்து நடும் பெண்களின் பையிலிருந்து போகிறது. அவர்களிடம் இடைவெளி கேட்கிறவர், அந்த நேரத்துக்கான கூலியையும் சேர்த்துப் பேச வேண்டும். நடவு முடிந்த மாலையில், ஒரு மீட்டர் சதுரமாக மூங்கில் குச்சிகளைக் கட்டி, வயலில் நான்கைந்து இடத்தில் போட்டுக் குத்துகளை எண்ணிப் பார்க்கலாம். ஐம்பது நினைத்த இடத்தில் எழுபது இருந்தால், மார்கழியில் நடுவயல் எத்தனை மணிக்குக் காயும் என்பது அன்றே தெரிந்துவிடும். மேலுரத்தில் எவ்வளவு குறைப்பது, எந்த மூலையை முதலில் விலக்கிப் பார்ப்பது என்று திட்டமிட அதற்குப் பிறகும் நாற்பது நாள் இருக்கிறது.